கோச் சாரின் எல்லைக்கோடு: வாசகர் கேள்வி பதில்

கல்லூரி விளையாட்டைப் பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முக்கால்வாசி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம், அதாவது நம் பழைய வடஆற்காடு. யார் எழுதினாலும் கடைசியில் ஒரே ஆளிடம்தான் வந்து நிற்கிறார்கள்: கோச். பொறுக்கி எடுத்தவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை நானே எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கட்டும்.

ஆற்காடு பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேர வாலிபால் கோச்சாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது, மாதம் ஒரு தொகை ஹானரேரியம், அதுவும் தேதிக்கு வராது. கோடு போடுவது, நெட் கட்டுவது, பஸ் டிக்கெட் எடுப்பது, பையன்களுக்கு ஓ.டி. (விளையாடப் போன நாளுக்கு ஆன் டியூட்டி வருகைப்பதிவு) வாங்க டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாக ஏறி இறங்குவது எல்லாம் நான்தான். தோற்றால் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார். ஜெயித்தால் போட்டோவில் பி.டி. சார் நிற்கிறார். உண்மையில் என் வேலைதான் என்ன?
பயிற்சியாளர், ஆற்காடு

போட்டோ விஷயத்தை விடுங்கள், அதற்கு மருந்து இல்லை. மற்றதைப் பேசலாம்.

கல்லூரி அணியைச் சுற்றி மூன்று வேலைகள் இருக்கின்றன. நம் ஊரில் மூன்றையும் ஒரே ஆள் தலையில் கட்டிப் பழகிவிட்டோம். உடற்கல்வி இயக்குநர் என்கிற பி.டி. பதவி யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விதிப்படி நியமிக்கப்படும் பதவி. உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் வேண்டும், மற்ற ஆசிரியர்களைப் போலவே நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வோ ஸ்லெட் என்கிற மாநிலத் தகுதித் தேர்வோ எழுதித் தேறியிருக்கவேண்டும். கல்லூரியின் மொத்த விளையாட்டுக்கும் நிர்வாகப் பொறுப்பு அவருடையது. மைதானம், பட்ஜெட், என்ட்ரி ஃபார்ம், தகுதிச் சான்று, பல்கலைக்கழகத்தோடு கடிதப் போக்குவரத்து எல்லாம் அதில் அடங்கும். கோச் என்பவர் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைச் சொல்லித்தருபவர். பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில், நாம் என்.ஐ.எஸ். என்கிறோமே அங்கே, ஒரு வருட டிப்ளமோ முடித்தவராக இருக்கலாம், ஆறு வாரச் சான்றிதழ் வைத்திருக்கலாம், இரண்டும் இல்லாத நல்ல பழைய ஆட்டக்காரராகவும் இருக்கலாம். மூன்றாவது ஆள் டீம் மேனேஜர். வெளியூர் போட்டிக்குப் போகும்போது பணம், தங்குமிடம், சாப்பாடு, அடையாள அட்டை எல்லாம் இவர் பொறுப்பு.

ஆக, உங்கள் ஆட்டத்தின் கணக்கில் சொன்னால், நெட் 2.43 மீட்டரில் நிற்கிறதா, கம்பத்தைச் சுற்றிப் பேட் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. கயிற்றை இழுத்துக் கட்டுவது கிரவுண்ட்மேன் வேலை. அவர் லீவு போட்ட நாளில் நீங்கள் கட்டினால் அது நல்ல மனசு, அவ்வளவுதான். நல்ல மனசு மூன்று மாதம் தொடர்ந்தால் அதற்குக் கடமை என்று பெயர் வைத்துவிடுவார்கள், இது எந்த ஆபீசிலும் உள்ளதுதான்.

சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கம் எழுதி, பி.டி.யிடமும் பிரின்சிபாலிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஹானரேரியம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், அணித் தேர்வில் கடைசி வார்த்தை யாருடையது, மைதானத்தில் ஒரு பையன் விழுந்தால் எந்த வண்டியில் யார் கூட்டிப்போவது, அந்தச் செலவு யார் கணக்கில், வெளியூருக்கு உங்களோடு வேறு யார் வருவார்கள். இவ்வளவு போதும். கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்பீர்கள். கடைசி இரண்டு விஷயங்களும் பையன்களுடைய பாதுகாப்பு என்று சொல்லி ஆரம்பியுங்கள், யாரும் முகம் சுளிக்க முடியாது.

தோல்விக்குப் பதில் சொல்லவேண்டியது யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். செட் பாயிண்டில் யாரை மாற்றினீர்கள், ரிசீவ் ஏன் அவ்வளவு மோசம் என்றால் நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். போட்டிக்கு முதல்நாள்வரை நல்ல பந்து வாங்கித்தராததற்கு நீங்கள் ஏன் பதில் சொல்லவேண்டும்?

என் மகன் இங்கிலாந்தில் எம்.எஸ். படிக்கிறான். அங்கே பல்கலைக்கழக பேட்மிண்டன் கிளப்புக்கு அவன் செயலாளராம். கோச்சுக்கு எவ்வளவு கொடுப்பது என்று இவர்களே முடிவு செய்கிறார்களாம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம். மாணவன் குருவை வேலைக்கு வைப்பதா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.
ஒரு தந்தை, வாலாஜாபேட்டை

ஐயா, உங்கள் மகன் சொல்வது சரிதான். அங்கே பல்கலைக்கழக விளையாட்டு கிளப் என்பது பெரும்பாலும் மாணவர்களே நடத்துவது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மாணவர்களே தேர்தல் வைத்து ஒரு கமிட்டி போட்டுக்கொள்கிறார்கள். உறுப்பினர் சந்தா வாங்குகிறார்கள், மாணவர் யூனியனோ பல்கலைக்கழக விளையாட்டுத் துறையோ மேலே கொஞ்சம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில்தான் கோச் வருகிறார். போட்டிகளை நடத்துவது பியூசிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமைப்பு, 2008-ல் உருவானது. அதன் லீக் ஆட்டங்கள் புதன்கிழமை மதியம் நடப்பது வழக்கம். பல பல்கலைக்கழகங்கள் அந்த நேரத்தில் வகுப்பு வைப்பதைத் தவிர்க்கின்றன. நம் பையன்கள் ஒரு ஓ.டி.க்காக எத்தனை படி ஏறுகிறார்கள் என்று நினைத்துப்பார்த்தால் பொறாமையாக இருக்கிறது!

ஆனால் கமிட்டி சம்பளம் கொடுக்கிறது என்பதால் கோச் கைகட்டி நிற்பார் என்று எண்ணவேண்டாம். அந்த ஆட்டத்தின் தேசிய சங்கம் தரும் பயிற்சித் தகுதி, காப்பீடு இதெல்லாம் அவரிடம் கேட்பார்கள். கேட்டு வாங்கியபிறகு, பயிற்சி எப்படி நடக்கவேண்டும் என்பதில் அவர் சொல்வதுதான் நடக்கும். கமிட்டி ஹால் புக் செய்யும், ஆள் சேர்க்கும், கணக்கு எழுதும். இதற்குள் அவர் வரமாட்டார், அதற்குள் இவர்கள் போகமாட்டார்கள்.

குரு என்கிறீர்கள். இந்திய அரசு 1985 முதல் சிறந்த பயிற்சியாளருக்குத் துரோணாச்சாரியார் பெயரில் விருது கொடுக்கிறது. மரியாதைக்குரிய விருதுதான், ஆனால் சொல்லித்தராமலே ஒரு பையனின் கட்டைவிரலைக் கேட்டவர் பெயரையா தேடிப்பிடித்து வைத்தார்கள் என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் தோன்றும். உங்கள் மகன் கோச்சை மதிக்கட்டும், கணக்கையும் கேட்கட்டும். இரண்டும் ஒன்றாகப் போகும்.

காட்பாடியில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், எங்கள் கிளப்புக்கு நான் பொருளாளர். ஜெர்சிப் பணம், டோர்னமென்ட் என்ட்ரி எல்லாம் கோச் தன் ஜிபே நம்பருக்குப் போடச் சொல்கிறார். நல்ல மனிதர்தான். போடலாமா?
மாணவர், காட்பாடி

வேண்டாம் தம்பி. நல்ல மனிதர் என்பதால்தான் வேண்டாம் என்கிறேன். நாளைக்கு ஒரு ஜெர்சி குறைந்தாலும் பேச்சு அவர்மேல்தான் வரும். கிளப் கணக்குக்கோ, கல்லூரி சொல்லும் கணக்குக்கோ போடுங்கள், ரசீது வையுங்கள். எந்த பிராண்ட் பந்து, எத்தனை பந்து வேண்டும் என்று அவர் சொல்லட்டும். வாங்கும் கை வேறாக இருக்கட்டும்.

சத்துவாச்சாரியில் வெயிட்லிஃப்டிங் பண்ணுகிறேன், கல்லூரி அணியில் இருக்கிறேன். முழங்காலில் வலி. கோச் "சதீஷ் அண்ணன் அடிபட்டுத்தானே கோல்டு கோஸ்ட்டில் தங்கம் வாங்கினார், நீ இதுக்குப் போய் அழுகிறாயே" என்கிறார். வலிக்கிறது என்று சொன்னால் புத்தூர்க் கட்டு போட்டுவிட்டு வா என்கிறார். இன்டர் காலேஜ் வருகிறது. என்ன செய்வது?
மாணவர், சத்துவாச்சாரி

உங்கள் தெருக்காரர் கதையை உங்களுக்கே சொல்லவேண்டியிருக்கிறது, பாருங்கள். சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தூக்கியது ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ. நான்கு வருடம் கழித்து கோல்டு கோஸ்ட்டில் 144, 173, மொத்தம் 317. பதினொரு கிலோ குறைவு. தேசியப் போட்டியில் 194 கிலோ ஜெர்க் முயன்றபோது தொடையில் அடி, பதக்கம் வரும் என்ற நம்பிக்கையே போய்விட்டிருந்தது என்று அவரே அப்போது சொன்னார். உங்கள் கோச் சொல்வதில் இதுவரை சரி.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்தப் போட்டியில் இரண்டாவது ஜெர்க் 173 முடிந்ததும், போட்டியாளர்கள் எட்ட முடியாது, தங்கம் உறுதி என்று தெரிந்ததும், சதீஷ் மூன்றாவது முயற்சிக்குப் போகவே இல்லை. பாரில் இன்னும் ஐந்து கிலோ ஏற்றிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அடிபட்ட உடம்பை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற கணக்கு அந்த மேடையில் நடந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்தான் கோச். "அண்ணன் தூக்கினாரே" என்று சொல்வதற்கு கோச் எதற்கு, அதை டீக்கடையிலேயே சொல்வார்கள்.

இப்போது முழங்கால். வலி எங்கே, எப்போது? ஸ்க்வாட்டில் கீழே போகும்போதா, எழும்போதா, படி இறங்கும்போதா? இதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அடிபட்ட நேரத்தில் "டப்" என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, நடக்கும்போது முட்டி நழுவுகிற மாதிரி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அது ஜவ்வு கிழிந்திருப்பதற்கான அறிகுறி. புத்தூர்க் கட்டின்மேல் நம் பக்கத்துக்காரர்களுக்கு உள்ள நம்பிக்கையை நான் கேலி செய்யமாட்டேன். கை எலும்புக்குக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் என் வீட்டிலும் உண்டு. ஆனால் முழுக்க அறுந்த ஜவ்வைக் கட்டு போட்டு ஒட்டவைக்க முடியாது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. அதனால் "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்பதைக் கேட்டுவிட்டுப் பாரைத் தூக்கப்போகாதீர்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். சிஎம்சி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு முட்டிக்கு கோச்சிடம் மருத்துவம் பார்ப்பானேன்?

காயம் என்ன என்று சொல்வதும், எப்போது திரும்ப ஆடலாம் என்று சொல்வதும் டாக்டரும் பிசியோதெரபிஸ்டும். அவர்கள் சரி என்றபிறகு எத்தனை கிலோவில் ஆரம்பிப்பது, வாரத்துக்கு எவ்வளவு ஏற்றுவது என்பது கோச். இந்த வரிசையை அவர் மாற்றினால், எழுத்தில் கேளுங்கள். "சார், டாக்டர் மூன்று வாரம் ரெஸ்ட் சொல்லியிருக்கிறார்" என்று சீட்டை போட்டோ எடுத்து அவருக்கும் பி.டி.க்கும் சேர்த்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். இரண்டு பேரும் பார்த்த பிறகு யாரும் தூக்கு என்று சொல்லமாட்டார்கள்.

ஆம்பூரில் படிக்கிறேன், ஃபுட்பால் டீம். மார்ச் மாதம் மதியம் மூன்று மணிக்கு பிராக்டிஸ். நடுவில் தண்ணீர் குடித்தால் "ஸ்டாமினா போயிடும்" என்று திட்டுகிறார் கோச். அவர் காலத்தில் குடிக்கவே மாட்டார்களாம்.
மாணவர், ஆம்பூர்

அவர் காலத்தில் மயங்கி விழுந்தவர்களை யாரும் கணக்கெடுக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

வேலூர் வெயிலை வேலூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. சுற்றிலும் பாறை மலை, பாலாற்றில் மணல், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. மார்ச்சிலேயே மூன்று மணி என்பது மண் கொதிக்கிற நேரம். காலை ஆறு மணிக்கு வையுங்கள், இல்லை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். கிரவுண்ட் வேறு நேரத்தில் கிடைக்காது என்றால் அந்த நேரத்தில் ஓட்டத்தை விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து போன ஆட்டத்தின் வீடியோவைப் பாருங்கள். லீவு முடிந்து வந்த பையனின் உடம்பு வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். முதல் நாளே முழு பிராக்டிஸ் கொடுப்பது ஆபத்து. தண்ணீர் குடித்தால் ஸ்டாமினா போகாது. குடிக்காவிட்டால்தான் போகும். தலையையும் சேர்த்துக்கொண்டு போகும்.

எந்த கோச்சும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டிய ஒரு காட்சி இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பையன் திடீரென்று தள்ளாடுகிறான், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறான், சண்டைக்கு வருகிறான், அப்புறம் விழுகிறான். தொட்டால் கொதிக்கிறது. வேர்வை நின்றிருக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், விளையாடும்போது வரும் வெப்பத் தாக்கில் உடம்பு நனைந்தேகூட இருக்கலாம். உள்ளே வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போயிருக்கும். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆனால் வண்டி வரும்வரை விசிறிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் ஆஸ்பத்திரி. பெரிய டப் இருந்தால் ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை உட்காரவைத்துத் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குழாயைப் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர், அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் ஐஸ். நினைவு சரியில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். ஐஸுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப், மீன் கடையில் ஒரு ஐஸ் பார், சுற்றிவைக்க ஒரு கோணி. டீம் டீ செலவில் இது அடங்கிவிடும். பிராக்டிஸ் முடிந்ததும் அந்த ஐஸில் மோர்ப் பானையை வைத்துக்கொள்ளலாம், வீணாகாது.

இந்தப் பதிலைக் கத்தரித்து டிரெஸ்ஸிங் ரூமில் ஒட்டுங்கள். கோச் கிழித்தால் எனக்கு எழுதுங்கள்.

என் மகள் வேலூரில் ஒரு கல்லூரியில் கபடி ஆடுகிறாள். புதிதாக வந்த கோச் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போடுகிறார். முதலில் ஆட்டத்தைப் பற்றி, இப்போது வேறு மாதிரி. தனியாக "ஸ்பெஷல் பிராக்டிஸ்" என்று கூப்பிட்டிருக்கிறார். வெளியே சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார், அப்பாவுக்குத் தெரிந்தால் விளையாட்டையே நிறுத்திவிடுவார் என்று அழுகிறாள். நான் என்ன செய்யட்டும்?
ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அது பெரிய விஷயம். அவளிடம் முதலில் சொல்லவேண்டியது, உன் விளையாட்டு நிற்காது என்பதைத்தான். அவள் பயமே அதுதான் என்று கடிதத்தில் தெரிகிறது. மெசேஜ் எதையும் அழிக்கவேண்டாம், தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கும் அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். தனிப் பயிற்சிக்குப் போகவேண்டாம்.

ஒவ்வொரு கல்லூரியிலும் உள்புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது சட்டம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. அதில் பணியிடம் என்பதற்கான விளக்கத்திலேயே விளையாட்டு நிலையம், ஸ்டேடியம், போட்டி நடக்கும் இடம் எல்லாம் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மாணவிகளுக்கும் இது பொருந்தும்படி யுஜிசி '2015 விதிமுறைகள்' என்ற பெயரில் தனி விதிமுறை போட்டது. ஆகவே "அவர் எங்கள் ஸ்டாஃப் இல்லை, வெளியிலிருந்து வரும் கோச்" என்றோ, "இது காலேஜுக்கு வெளியே கிரவுண்டில் நடந்தது" என்றோ கல்லூரி கைகழுவ முடியாது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். நியாயமான காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் கூட்டித் தரலாம். புகார் கொடுத்ததற்காக டீமிலிருந்து எடுத்தால் அதையும் குழுவிடமே எழுதிக்கொடுங்கள். மகளுக்கு இன்னும் 18 நிரம்பவில்லை என்றால், முதலாமாண்டில் அப்படி நிறையப் பேர் இருப்பார்கள், அப்போது போக்சோ சட்டம் வரும். விஷயம் தெரிந்த யாரும் போலீசுக்குச் சொல்லாமல் மூடிவைக்கக்கூடாது. 181 பெண்கள் உதவி எண், 1098 குழந்தைகளுக்கானது. கல்லூரியில் யாரும் காதுகொடுக்கவில்லை என்றால் அங்கே பேசுங்கள். அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உங்கள் வீட்டுக்கு உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் புகாருக்காக அதுவரை காத்திருக்கவேண்டாம்.

இதைப் படிக்கும் கோச்சுகளுக்கும் நாலு வார்த்தை. கபடியில் பிடி சொல்லித்தர ஆளைத் தொடாமல் முடியாது, வெயிட்லிஃப்டிங்கில் முதுகை நிமிர்த்தக் கை வைத்தாகவேண்டும், எல்லோருக்கும் தெரியும். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, எல்லோர் முன்னாலும், சீனியர் மாணவியை வைத்தே செய்துகாட்டலாம். மெசேஜ் என்றால் டீம் குரூப்பில் போடுங்கள், அதில் ஒரு பெண் பேராசிரியர் இருக்கட்டும். பெண்கள் அணி வெளியூர் போனால் பெண் மேனேஜர் இல்லாமல் வண்டி ஏறாதீர்கள். செலவு ஜாஸ்தி என்று ஆபீஸில் சொன்னால் போட்டிக்கே போகவேண்டாம் என்று சொல்லும் துணிவு கோச்சுக்கு வேண்டும். ஒழுங்காக நடக்கிற கோச்சுக்கும் இதுதான் பாதுகாப்பு.

கோச் ஒரு பவுடர் தருகிறார், டப்பாவில் லேபிள் இல்லை. "எல்லாரும் எடுக்கிறாங்க" என்கிறார்.
மாணவர், திருப்பத்தூர்

எடுக்காதீர்கள். ஊக்கமருந்து விதியில் "எனக்குத் தெரியாது, கோச் கொடுத்தார்" என்பது உங்களைக் காப்பாற்றாது. உங்கள் உடம்பில் இருந்தால் முதல் பொறுப்பு உங்களுடையது, நான்கு ஆண்டுவரை தடை வரலாம். கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு, ஆனால் போவது உங்கள் கல்லூரிக் காலம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் நாடா என்கிற தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர்தான் ஓட வந்தார், மற்றவர்களைக் காணோம். அவர்களுக்கும் யாரோ ஒருவர் "எல்லாரும் எடுக்கிறாங்க" என்று சொல்லியிருப்பார்.

பல்கலைக்கழக அணியில் ஆடியதாகச் சர்டிஃபிகேட் வாங்கித்தருகிறேன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை நிச்சயம் என்று ஒரு கோச் பணம் கேட்கிறார். உண்மையில் நான் செலக்‌ஷனுக்குப் போய் வந்ததோடு சரி.
மாணவர், போளூர்

தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடை நடக்கிறது. மத்திய அரசு வேலைக்குப் பல்கலைக்கழக அளவில் ஆடியவர்களுக்குப் படிவம் 3 என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்துப் போடவேண்டியவர் பல்கலைக்கழக விளையாட்டுக்கு மொத்தப் பொறுப்பில் உள்ள அதிகாரி, கோச் கிடையாது. வேலை கொடுக்கும் இடத்திலிருந்து சான்றிதழைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்புவார்கள். அணிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. வேலை போவது மட்டுமில்லை தம்பி, போலிச் சான்றிதழுக்கு வழக்கும் வரும். அந்த நேரத்தில் கோச்சின் போன் சுவிட்ச் ஆஃப்பில் இருக்கும். வயது 25 தாண்டவில்லை, இன்னும் படிப்பு இருக்கிறது என்றால் அடுத்த செலக்‌ஷனுக்குப் போங்கள்.

எங்கள் பி.டி. சார் எங்களை மட்டும் ஓடவிட்டு, வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பி.டி. என்றால் ஓடத் தெரியவேண்டாமா?
குறும்பு வாசகர்கள் நான்கு பேர், ஆரணி

தெரிந்துதான் வேலைக்கு வந்திருப்பார். யுஜிசி விதியில் உடற்கல்வி இயக்குநர் பணிக்கு உடல் தகுதித் தேர்வு உண்டு, ஆண்களுக்கு 12 நிமிட ஓட்டம் அல்லது நடை. 30 வயதுவரை 1800 மீட்டர், 40 வரை 1500, 45 வரை 1200, 50 வரை 800. கடைசிக் கணக்கைப் பாருங்கள், 400 மீட்டர் டிராக்கில் 12 நிமிடத்தில் இரண்டே சுற்று, நம் ஊரில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் இதைவிட வேகமாகப் போகிறார்கள். உங்கள் சார் எந்த வயதில் சேர்ந்தார் என்று தெரிந்துகொண்டு, அவர் நல்ல மூடில் இருக்கும் ஒரு நாள் ஸ்டாப்வாட்சோடு போய்க் கேட்டுப்பாருங்கள். நான்கு பேரும் சேர்ந்தே போங்கள், தனியாக மாட்டிக்கொள்ளாதீர்கள்.